முறைப்பாட்டுப் புத்தகமும் முல்லோயாவும்

அட்டன் நகரை அடுத்த பாடசாலையொன்றில் முப்பது ஆண்டுகள் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு ஓய்வு என்பது பெயரளவில்தான். மனு எழுத, வங்கிப் படிவம் நிரப்ப, சேமலாப நிதிக் கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்ல என்று யாரேனும் ஒருவர் வாசலில் நின்றுகொண்டே இருப்பர். அதை நான் பாரமாகக் கருதியதில்லை. பாடசாலையில் கற்பித்ததைக் காட்டிலும் அந்த வாசலில் நான் கற்றது அதிகம்.

2022ஆம் ஆண்டில் ஒரு நாள், பனி விலகுமுன்பே ஒரு தாய் வந்து நின்றாள். கொழுந்துக் கூடை இல்லாமல், நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள். வேலை நாளில் பிரட்டுக்குப் போகாமல் ஒரு தொழிலாளி நல்ல சேலை உடுத்துகிறாள் என்றால், ஒன்று துக்க வீடாக இருக்க வேண்டும். அன்றேல் அரசாங்க வீடாக இருக்க வேண்டும்.

"சேர், பொலிசுக்குப் போகணும். கொஞ்சம் கூட வாங்க" என்றாள்.

அவளுடைய மகள் ஒரு தரகரோடு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். முதல் மாதம் தொலைபேசியில் குரல் கேட்டது; பிறகு இரண்டு மாதமாக ஒன்றும் இல்லை. தரகரும் அழைப்பை எடுக்கவில்லை. முந்திய ஆண்டு ஜூலை மாதத்தில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு மருத்துவமனையில் உயிர் நீத்த செய்தி எங்கள் லயங்களில் ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் பேசப்பட்ட செய்தி. அந்தத் தாயின் கண்களில் இருந்த அச்சத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நாங்கள் சென்ற பொலிஸ் நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். எந்த நிலையமாகவும் அது இருந்திருக்கலாம். மர வாங்கொன்று, சுவரில் ஒரு கடிகாரம், மேசைமேல் தடித்த அட்டை போட்ட முறைப்பாட்டுப் புத்தகம். மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட் கடுஞ்சொற்காரர் அல்லர். எங்களை அமரச் சொன்னார். ஆசிரியன் என்று அறிந்ததும் தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார். ஆனால் அவர் முதல் நாள் மாலையிலிருந்து அங்கேயே இருந்தவர் என்பது கண்களிலே தெரிந்தது. அவருக்குத் தமிழ் வராது. தாய்க்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். ஆகவே உள்ளேயிருந்து ஓர் இளம் கொன்ஸ்தாபிளை அழைத்தார்கள். வந்தவனைக் கண்டு நான் திகைத்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்தவன். தோட்டத்துப் பிள்ளை. தாய் தமிழில் சொன்னதை அவன் சிங்களத்தில் சொன்னான், சார்ஜன்ட் எழுதினார். அரைப் பக்கம் நிரம்பியது. புத்தகத்தைத் தாயின் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார்.

அப்போது அந்தப் பையன் மெல்லிய குரலில், வாசித்துக் காட்டிவிட்டுக் கையொப்பம் வாங்குவோம் என்றான். சார்ஜன்ட் தோளைக் குலுக்கினார். அவன் சிங்களத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் வரி வரியாக வாசித்தான். மகளின் பெயர், தோட்டம், தரகரின் பெயர், போன தேதி, தன் சம்மதத்தோடு அனுப்பியதாகத் தாய் கூறியது, இரண்டு மாதமாகத் தொடர்பு இல்லாமை. தாய் தலை குனிந்து கேட்டாள்.

"எல்லாம் சரி தம்பி. புள்ளைக்கு வயசு எழுதலியே?"

பிள்ளைக்கு வயது பதினைந்து. அதை அவள் தொடக்கத்திலேயே சொன்னாள், நானும் கேட்டேன். மொழி மாறும்போது அது எங்கோ உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததா, உதிர்க்கப்பட்டதா என்று என்னைக் கேட்டால், களைப்பினால் உதிர்ந்தது என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு சொல் உதிர்ந்தால் வழக்கே வேறு. பதினாறு வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2021இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. வயது எழுதப்பட்டால் அது குற்றம் பற்றிய முறைப்பாடு. எழுதப்படாவிட்டால், சம்மதத்தோடு வேலைக்குப் போன ஒரு பெண் வீட்டோடு பேசாதிருக்கும் குடும்ப விவகாரம்.

எழுதியதைத் திருத்த முடியாது என்றார் சார்ஜன்ட். திருத்த வேண்டாம், கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்றான் பையன். குரல்கள் சற்று உயர்ந்தன. உள் அறையிலிருந்து மேலதிகாரி ஒருவர் எட்டிப் பார்த்தார். முடிவில் அந்த வரி சேர்க்கப்பட்டது. தாய் கையொப்பமிட்டாள். முறைப்பாட்டின் இலக்கத்தைக் குறித்த சிறு தாள் ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். அதை அவள் பார்த்த விதத்தை மறக்க மாட்டேன். "துண்டு கொடுத்துட்டாங்க சேர்" என்றாள்.

துண்டு! அந்தச் சொல்லின் வரலாறு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் வழி நெடுக அது என்னை உறுத்தியது.

1865ஆம் ஆண்டில் இலங்கையில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். மற்றது 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். முன்னதன்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போன தொழிலாளி கடன்காரன் ஆவதோடு நிற்கவில்லை, குற்றவாளியும் ஆனான். பிடியாணை பிறக்கும், சிறை காத்திருக்கும். பின்னதன்படி, அந்தப் பிடியாணையைக் கையிலேந்தி அவனைத் தேடிச் செல்ல ஒரு படை ஒழுங்குபடுத்தப்பட்டது. இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு சட்டங்களையும் எங்கள் பாடநூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்திருக்கின்றன. மலையகத்தில் அவை ஒரே அத்தியாயம். தோட்டத்துத் தொழிலாளியின் பாட்டனார் முதன்முதலில் பொலிஸ்காரரைக் கண்டது, தன்னைக் காக்க வந்தவராக அன்று. ஓடிப்போனவனைத் திருப்பிக் கொண்டுபோக வந்தவராகவே.

துண்டு என்பது அக்காலத்தில் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்தத் தொழிலாளியை விடுவிப்போம் என்று அது கூறும். அந்தச் சீட்டை ஏந்திக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்கு ஆளையும் கடனையும் சேர்த்துக் கொண்டுபோவார். துண்டு முறையும், வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கிய தண்டனைப் பிரிவுகளும் ஒழிந்தது 1921இல்தான். பொலிஸ் கட்டளைச் சட்டமோ, எத்தனையோ திருத்தங்களோடு, இன்றும் அதே 1865ஆம் ஆண்டின் சட்டமாகவே இருந்து வருகிறது.

பொலிஸ் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற கேள்வி இந்நாட்டின் அரசியலைக் குலுக்கிய இரண்டு சந்தர்ப்பங்கள் 1930களின் இறுதியில் வந்தன. இரண்டும் மலைநாட்டுத் தேயிலைத் தூரில் முளைத்தவை என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

முதலாவது, பிரேஸ்கேர்டில் விவகாரம். அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் தோட்டத்துரைத் தொழில் பழக வந்த வெள்ளை இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் வேலைக்கமர்ந்த அவர், தொழிலாளர் பக்கம் பரிந்து நின்றதால் வேலையிழந்தார். சமசமாஜக் கட்சியாரோடு சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் மேடையேறியது தோட்டத் துரைமாரைக் கொதிக்க வைத்தது. ஒரு வெள்ளையர், வெள்ளையருக்கு எதிராகக் கூலிகள் முன்னிலையில் பேசுவதா? தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். அவர் தலைமறைவானார், மே 5ஆம் தேதி காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்தின் முன் தோன்றினார், பின்னர் கைதானார். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் முதலானோர், நெருக்கடி காலத்துக்கென்று தரப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்தில் எடுத்தாள முடியாது என்று கூறி, அவரை விடுவித்தார்கள். தேசாதிபதியின் ஆணையே ஆனாலும் சட்டத்தின் ஆதாரமின்றி ஒரு மனிதனைப் பொலிஸ் தொடக்கூடாது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. இந்தத் தீர்ப்பைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். மறுகணமே ஒரு கேள்வியும் எழும். அந்த மேடைக்குக் கீழே நின்று கைதட்டியவர்களுள் ஒருவரைப் பொலிஸ் பிடித்துச் சென்றிருந்தால், யார் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்திருப்பார்?

அக்கேள்விக்கு மூன்றாண்டுகள் கழியுமுன்பே விடை வந்தது. அதுதான் முல்லோயா.

கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்ட மலைகளில் உள்ளது முல்லோயாத் தோட்டம். சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் சமசமாஜக் கட்சியாருடையது. 1940 ஜனவரி 10ஆம் தேதி, வேலைநிறுத்தத்தை அடக்க வந்த பொலிஸாரின் துப்பாக்கி வெடித்தது. கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் துறந்தார். உரிமை கேட்டு உயிர் கொடுத்த முதல் தோட்டத் தொழிலாளி என்று மலையகம் அவரைப் போற்றுகிறது. ஆண்டுதோறும் அந்த நாளைத் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறது.

இனி நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிர்ப்புக் குரல் எழுந்தது. அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைக்க நேர்ந்தது. அந்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் விதவைக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஒரு விதவையின் சார்பில், நாட்டின் முதன்மையான வழக்கறிஞர்களுள் ஒருவர் எழுந்து நின்று, சுட்டவர்களையும் சுடச் சொன்னவர்களையும் குறுக்கு விசாரணை செய்தார். அதற்குமுன் அப்படியொரு காட்சியை மலைநாடு கண்டதாக நான் வாசித்ததில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்துக்கு வெளியே, ஒரு தொழிலாளியின் மரணம் அன்று எழுத்தில் ஏறியது.

ஆனால் அதே வேளையில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. துப்பாக்கிச் சூடு பற்றிய விசாரணை ஒரு பக்கம். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மேல் பொலிஸார் தொடுத்த வழக்குகள் மறுபக்கம். சுட்டது சரியா என்று ஓர் அறையில் ஆராய, சுடப்பட்டவர்களின் தோழர்களுக்கு அடுத்த அறையில் தண்டனை வழங்குவது முறையாகுமா? உள்நாட்டு மந்திரியாக இருந்த சேர் பாரன் ஜயதிலகா, ஆணைக்குழு விசாரணை முடியும்வரை அவ்வழக்குகளைத் தவணை கேட்டு ஒத்திவைக்குமாறு பொலிஸ் மா அதிபர் பாங்ஸுக்குப் பணித்தார். பொலிஸ் மா அதிபர் இணங்கவில்லை; தேசாதிபதி கால்டிகொட்டிடம் முறையிட்டார். தேசாதிபதி பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். வெகுண்ட மந்திரிகள் பெப்ரவரி மாதத்தில் ஒருசேரப் பதவி துறந்தனர்.

கோவிந்தனின் மார்பில் பாய்ந்த குண்டு கொழும்பில் மந்திரி சபையைக் கவிழ்த்தது என்று மேடைகளில் நம் பேச்சாளர்கள் கூறுவதுண்டு. கேட்க இனிக்கும் பேச்சு. ஆனால் வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் நான் அதை அப்படியே ஏற்க மாட்டேன். மந்திரிகள் பதவி துறந்தது கோவிந்தனுக்காக அன்று. பொலிஸ் தம் சொல் கேட்க வேண்டுமா, தேசாதிபதியின் சொல் கேட்க வேண்டுமா என்ற அதிகாரப் போட்டிக்காக. போட்டி தீர்ந்ததும் அவர்கள் மீண்டும் தம் ஆசனங்களில் அமர்ந்தனர். பொலிஸுக்கு எசமானர் யார் என்று இரு தரப்பும் வாதிட்டன; கோவிந்தனின் விதவைக்குப் பொலிஸ் பதில் சொல்ல வேண்டும் என்று வாதிட்டவர் ஆணைக்குழுவின் முன் நின்ற அந்த வழக்கறிஞர் மட்டுமே. அதே ஆண்டு மே மாதம் ஊவாவில் வெவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர், தம்மை அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையே பறித்துக்கொண்டார்கள் என்பதும் வரலாறு. கேட்பாரற்றவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று சிலர் கேட்பர். அப்படிச் செய்திருக்கலாகாது என்று நான் வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் என்னை நம்பாத பார்வை பார்ப்பார்கள்.

எட்டாண்டுகள் கழித்து, அன்று பதவி துறந்த மந்திரிகளுள் ஒருவரான டீ. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். பின் வாக்கும் பறிபோயிற்று. இதைப் பொலிஸ் கதையோடு ஏன் சேர்க்கிறேன் என்று வாசகர் கேட்கக்கூடும். வாக்கு இருப்பவனுக்குப் பிரதிநிதி உண்டு. பிரதிநிதி இருப்பவன் பொலிஸ் நிலையத்தின் வாசலில் சற்று நிமிர்ந்து நிற்பான். 1947இல் தலவாக்கலையிலிருந்து கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றார். அந்தக் குரல் அடுத்த தேர்தலில் அடைக்கப்பட்டது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, மேசைமேலிருந்த புத்தகத்தின் மொழியும் எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதியபோதும் எங்களுக்குப் புரியவில்லைதான். ஆனால் அப்போது யாருக்குமே புரியவில்லை என்ற சமத்துவமாவது இருந்தது!

தலவாக்கலையிலிருந்து அட்டன் வரும் பாதையில் டெவன் நீர்வீழ்ச்சியைக் காணப் பயணிகள் வாகனத்தை நிறுத்துவார்கள். அழகான இடந்தான். 1977 மே மாதம், தோட்டக் காணிகளில் 7000 ஏக்கரை எடுத்துப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து அந்தத் தோட்டத்து மக்கள் திரண்டபோது, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். பயணிகள் நிழற்படம் எடுக்கும் மேடையிலிருந்து பார்த்தால் அந்தத் தோட்டம் தெரியும்.

பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. 2000 அக்டோபர் 25ஆம் தேதி, புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல், ஆயுதமேந்திய பொலிஸார் காவல் நிற்கையிலேயே, வெளியிலிருந்து வந்த கூட்டத்தால் கொல்லப்பட்டனர். ஆணைக்குழு அமைந்தது. 2003இல் பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத்தில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. ஒருவரும் தண்டனைக்குரியவராக எஞ்சவில்லை. அதற்குமேல் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

எல்லாமே இருள் என்றும் நான் கூற மாட்டேன், கூறினால் பொய்யாகும். 1988இல் அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம், நாட்டின் எந்தப் பகுதியிலும் தமிழில் அரசாங்க அலுவலரோடு தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் உரிமை தந்தது. மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு பிரதேசச் செயலாளர் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கவும் வழி செய்தது. 1999இல் நுவரெலியா, அம்பகமுவ போன்ற பிரிவுகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. சட்டம் மலையேறி வந்துவிட்டது. சட்டத்தை எழுதும் கைதான் இன்னும் வந்து சேரவில்லை. தமிழில் வாக்குமூலம் எழுதத் தெரிந்த பொலிஸார் எங்கள் மலைகளில் அரியர்.

2001இல் பதினேழாம் திருத்தத்தினால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு பிறந்தது. அதற்கு முன், ஒரு கொன்ஸ்தாபிளை மாற்றுவதும் ஒரு பொறுப்பதிகாரியைக் காப்பதும் உள்ளூர் அரசியல்வாதியின் வாய்ச்சொல்லில் இருந்தது என்பதை எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் அறியும். ஆணைக்குழு நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை ஆகியவற்றைத் தன் கையில் எடுத்தது. பொதுமக்களின் முறைப்பாடுகளையும் விசாரிக்கும் கடமை அதற்கு உண்டு. ஆனால் அதன் கதை ஊஞ்சற் கதை. 2010இல் பலம் குன்றியது, 2015இல் மீண்டது, 2020இல் மறுபடியும் குன்றியது, 2022இல் மீண்டும் நிமிர்த்தப்பட்டது. இப்படி ஆடும் ஊஞ்சலில் அமர்ந்து எவன் அஞ்சாமல் கடமை செய்வான்?

ஆயினும் 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதியை நான் நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறேன். அன்று பாராளுமன்றம், எதிர்வாக்கு ஒன்றுமின்றி 177 வாக்குகளால், பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனைப் பதவியிலிருந்து நீக்கியது. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம், 2010இல் ஒரு மனிதர் பொலிஸ் காவலில் சித்திரவதைக்குள்ளான வழக்கில், அவரும் பொறுப்பாளி என்று தீர்த்திருந்தது. 1940இல் ஒரு வழக்கைத் தவணை போடுமாறு மந்திரி கேட்டும் மறுத்த பொலிஸ் மா அதிபரை அசைக்க முடியாதிருந்த நாட்டில், எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பொலிஸ் மா அதிபர் சட்டப்படி நீக்கப்பட்டார். இது சிறிய காரியமன்று. ஆனால் உச்சியில் இருப்பவர் பதில் சொல்வதும், மர வாங்குக்கு எதிரே மேசையில் இருப்பவர் பதில் சொல்வதும் ஒன்றல்ல. 2023 மே மாதம், பதுளைப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற நாற்பது வயது கடந்த ஒரு தாய், நகைத் திருட்டு முறைப்பாட்டின்பேரில் வெலிக்கடைப் பொலிஸாரால் பிடிக்கப்பட்டு, அவர்களது காவலிலேயே இறந்தாள். எசமானியின் முறைப்பாடு உடனே புத்தகத்தில் ஏறியது. அந்தத் தாய் சொன்னது எந்தப் புத்தகத்தில் ஏறியது?

இனி என் மாணவனிடம் வருகிறேன்.

வயது சேர்க்கப்பட்ட அந்த முறைப்பாடு உரிய பிரிவுக்குப் போயிற்று. மூன்று வாரத்துக்குள் பிள்ளை வீடு வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் உயிரோடு வந்தாள். அடுத்த ஆண்டு பாடசாலைக்கும் திரும்பினாள். தாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பையனுக்கு நன்றி சொல்லப் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது அவன் அங்கில்லை. மூன்று மாதத்தில் அவனுக்கு இடமாற்றம். தமிழ் பேசுவோர் மிக அரிதாயுள்ள தொலைதூர நிலையமொன்றுக்கு. தமிழ் தெரிந்த கொன்ஸ்தாபிள் தேவைப்படுவது எங்கே, அவன் அனுப்பப்பட்டது எங்கே என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும். ஆணையில் 'சேவையின் தேவை கருதி' என்று இருந்ததாம். அந்தச் சொற்றொடரை அரசாங்க ஆசிரியனாக நானும் இருமுறை பெற்றவன். அதன் சுவை எனக்குத் தெரியும்.

பொலிஸாரிடம் நியாயம் கேட்பவர்கள், பொலிஸாருக்குள்ளே நியாயம் உண்டா என்று கேட்பதில்லை. இரவும் பகலும் மாறி மாறி விழித்து, பகிர்ந்து படுக்கும் விடுதியில் வாழ்ந்து, மொழிபெயர்ப்புக்குத் தனிக் கொடுப்பனவோ மதிப்போ இன்றி, ஒவ்வொரு தமிழ் முறைப்பாட்டுக்கும் உள் அறையிலிருந்து அழைக்கப்படும் அந்தப் பிள்ளைக்கு, ஒரு வரி சேர்க்கச் சொன்னதன் பலன் இதுவானால், அடுத்தவன் வாசித்துக் காட்டுவானா? அந்தச் சார்ஜன்டையும் நான் மறக்கவில்லை. இரவெல்லாம் விழித்தவரின் பேனாவிலிருந்து ஒரு வயது உதிர்வது அவருடைய குற்றம் மட்டுமா?

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்த பையனை அட்டன் புகையிரத நிலையத்தில் சந்தித்தேன். திரும்பிப் போகும் நேரம். பெட்டியின்மேல் அமர்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்தான். இடமாற்றத்தைப் பற்றி ஆணைக்குழுவுக்கு எழுதக்கூடாதா, அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் நிருவாக மேன்முறையீட்டு நியாய சபை இருக்கிறதே என்று கேட்டேன்.

"எழுதியிருக்கேன் சேர். தமிழிலேயே அனுப்பலாம்தானே? நீங்க ஒருக்கா பார்த்துக் கொடுங்க" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தான்.

நல்ல தமிழ். எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. தாயின் நோய், தம்பியின் படிப்பு, தூரத்தின் செலவு, எல்லாம் முறையாக இருந்தன. இரண்டாம் முறையும் வாசித்தேன். பிறகு தாளை அவனிடமே நீட்டி, "அன்றைக்கு அந்த வயதை எழுதச் சொன்னாயே, அதை இதில் எழுதவில்லையே தம்பி?" என்றேன்.

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். "அதையும் எழுதணுமா சேர்?" என்றான். கொட்டகலைப் பக்கமிருந்து புகையிரதத்தின் ஊதல் கேட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்தவன் என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கினான். பெட்டியின் மூடிமேல் தாளை விரித்து, கையொப்பத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் எழுதத் தொடங்கினான்.